ஹாலுக்கு ஒரு சோபா

பொம்மை வீட்டில் ஹால் மட்டும்தான் பாக்கி. சமையலறை, படுக்கையறை, பால்கனி மூன்றையும் அவன் மனைவி முடித்துவிட்டிருந்தாள். கல்யாணமானதும் இருவரும் குடியேறிய முதல் வாடகை வீடு அது. அதையே அட்டையிலும் மரச்சில்லிலும் சின்னதாகச் செய்து, தன் அக்கா மகளுக்குத் தருவதாகச் சொல்லியிருந்தாள். ஹாலுக்குத் தரை ஒட்டிச் சுவருக்குச் சாயம் பூசிய கையோடு படுத்தவள்தான், பிறகு எழுந்திருக்கவில்லை.

துக்கத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் போன பிறகும் அந்த வீடு தையல் மேஜைமேல் அப்படியே இருந்தது. கொஞ்ச நாள் கழித்து அக்கா போன் செய்து, தயங்கித் தயங்கிக் கேட்டாள். குட்டி நச்சரிக்கிறாளாம், சனிக்கிழமை வந்து எடுத்துக்கொண்டு போகட்டுமா என்றாள். ஹாலை முடித்துத் தருகிறேன் என்று அவன் வாய் முந்திக்கொண்டது. காலி அறையோடு அதை அனுப்ப அவனுக்கு மனம் வரவில்லை. பாதியில் போனாள் என்று அந்த அறை பார்க்கிறவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டிருக்க வேண்டாம்.

கட்டட வரைபடம் போடுவது அவன் பிழைப்பு. அளவெல்லாம் அவனுக்குத் தண்ணீர் பட்ட பாடு. பழைய ஹாலை நினைவிலிருந்தே தாளில் இறக்கினான். அடிக்கு ஓர் அங்குலம். ஐஸ் குச்சியைச் சீவி டிவி ஸ்டாண்டும் செருப்பு அலமாரியும் செய்தான். பழைய சட்டையைக் கிழித்து சோபா தைத்தான். மயிரிழை பிசகவில்லை. ஆனால் எல்லாவற்றையும் உள்ளே வைத்துப் பார்த்தபோது ஏதோ ஒட்டவில்லை. எது என்று பிடிபடவில்லை.

அக்கா வந்ததும் பிடித்துவிட்டாள். குனிந்து பார்த்தவள் முதலில் உதட்டைக் கடித்துக்கொண்டாள். அப்புறம் முடியாமல் சிரித்துவிட்டாள்.

"தம்பி, தப்பா எடுத்துக்காதீங்க. உங்க சோபாவத் தூக்கி அவ ஸ்டூல் மேல வச்சிடலாம் போலிருக்கே."

உண்மைதான். சமையலறை ஸ்டூலுக்கு எதிரே அவனுடைய சோபா கடன் கேட்க வந்தவன் மாதிரி ஒடுங்கி நின்றது. அவன் ஸ்கேலை எடுத்து அவள் செய்தவற்றை அளந்தான். எதுவும் எதற்கும் ஒத்துவரவில்லை. ஸ்டூல் கட்டிலில் பாதி இருந்தது. வாஷிங் மெஷின் தீப்பெட்டியைவிடச் சின்னது. பால்கனியில் வைத்திருந்த காபி டம்ளர் வாளி மாதிரி. படுக்கையறைக் கதவோரம் அவனுடைய ஷூ இரண்டும் படகு படகாகக் கிடந்தன.

அளவே பார்க்காமல் செய்திருக்கிறாள் என்றான் அவன். அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. சின்ன வயதிலும் அவள் அப்படித்தானாம். குடும்பப் படம் வரைந்தால் அக்காவுக்கு மட்டும் வாய் ஜன்னல் அகலம் இருக்குமாம். திட்டு வாங்குகிறவளுக்கு அப்படித்தான் தெரியும் என்பாளாம்.

"எது அவளுக்குப் பெரிசோ அது பெரிசு, அவ்வளவுதான். அந்த ஷூவுல தடுக்கி எத்தன வாட்டி விழுந்திருப்பா, நீங்களே சொல்லுங்க."

அவன் பார்வை பால்கனி டம்ளருக்குப் போனது. அந்த டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு காலையில் அவள் பால்கனியில் நிற்பாள். அப்போது பேச்சுக் கொடுத்தால் பதில் வராது. ஸ்டூலில் அவன் உட்கார்ந்து வெங்காயம் உரிக்க, அவள் வாணலியைக் கிளறியபடி அன்றைய கதையெல்லாம் கொட்டுவாள். வாஷிங் மெஷின் வந்த நாளிலிருந்து ஒழுங்காக ஓடியதில்லை. ஒவ்வொன்றாக விளங்கியது. கூடவே பயமும் வந்தது. ஹாலில் அவளுக்கு எது பெரிசு? கூடக் குடித்தனம் நடத்தியவனுக்கே தெரியாவிட்டால் வேறு யாரைப் போய்க் கேட்பது?

ஒரு வாரம் தவணை கேட்டான். அக்கா மறுபேச்சில்லாமல் வெறுங்கையோடு போனாள்.

அந்த வாரம் முழுக்க, பஸ்ஸில் நின்றாலும் ஆபீசில் கோடு போட்டாலும், அவன் பழைய ஹாலில்தான் இருந்தான். டிவியா? அதற்கு எதிரே உட்கார்ந்து தூங்குவாள். ஜன்னலா? திறந்தால் அடுத்த வீட்டுச் சுவர். மிச்சம் சோபா. பழைய சாமான் கடையில் அவள் பேரம் பேசி வாங்கியது. நடுவில் ஸ்பிரிங் விட்டுப்போய்க் குழி விழுந்திருக்கும். சண்டை போட்டுக்கொண்டு ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்தாலும் கொஞ்ச நேரத்தில் இருவரும் நடுவுக்குச் சரிந்துவிடுவார்கள். முகத்தைத் திருப்பிக்கொண்டு, தோளோடு தோள் இடித்துக்கொண்டு, எத்தனை நேரம்தான் கோபமாக இருப்பது? புதுசு வாங்கலாம் என்று அவன் ஒருமுறை சொன்னதற்கு, "அதுல கை வச்சுப் பாருங்க, அப்புறம் இருக்கு," என்றாள். வீடு மாறியபோது புது வீட்டு மாடிப்படியில் அது திரும்பவில்லை, விட்டுவிட வேண்டியதாயிற்று. அன்று அவள் சரியாகச் சாப்பிடவில்லை.

ஸ்கேலைத் தொடாமல் மறுபடி தைத்தான். கை அதற்குப் பழகவில்லை. இரண்டு தடவை பிரித்தான். சோபா ஹாலை அடைத்துக்கொண்டது. டிவி ஸ்டாண்டுக்கு இடமில்லை, எடுத்துப் போட்டான். நடுவில் பஞ்சைக் குறைத்துக் கட்டைவிரலால் அழுத்திவிட்டான்.

சனிக்கிழமை அக்கா வந்தபோது குட்டி கொடுத்தனுப்பிய இரண்டு துணிப் பொம்மைகள் அவள் பையில் இருந்தன. இந்த முறை அவள் சிரிக்கவில்லை. பொம்மைகளை ஆளுக்கொரு மூலையில் உட்கார வைத்தாள். கையை எடுத்ததும் இரண்டும் மெல்லச் சரிந்து, நடுவில் தலையோடு தலை முட்டிக்கொண்டன. நிமிர்த்தி வைத்தாள். மறுபடியும் சரிந்தன.

"இதத்தான் அவ போன்ல சொல்லிச் சொல்லிச் சிரிப்பா," என்றாள்.

அவன் ஜன்னல் பக்கம் போய் நின்றான். காரியம் முடிந்த நாளிலிருந்து வராமல் நின்றிருந்தது அப்போது வந்தது. அக்கா அதைப் பார்க்காத மாதிரி பொம்மைகளோடு மெனக்கெட்டுக்கொண்டிருந்தாள். பிறகு, வேண்டுமானால் வீடு இன்னும் கொஞ்ச நாள் இங்கேயே இருக்கட்டும், குட்டியைச் சமாளித்துக்கொள்ளலாம் என்றாள். அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு வேண்டாம் என்று தலையாட்டினான். அவனே வீட்டை இரண்டு கையாலும் அணைத்துத் தூக்கிப் படியிறங்கி, காரின் பின் சீட்டில் வைத்து பெல்ட் மாட்டினான்.

"சோபாவ ஒட்டலையா தம்பி? வழியெல்லாம் ஆடுமே."

"ஆடட்டும்க்கா. அதுல உக்காந்திருக்கிறவங்க விழ மாட்டாங்க."

அக்கா வண்டியை மெதுவாகவே எடுத்தாள்.