பெயருக்கு முன்னால் ஓர் அடைமொழி

பத்திரிகை ஒன்றில் வெளிநாட்டுச் செய்திகளை மொழிபெயர்க்கும் உதவி ஆசிரியர், ஏதாவது டிவியின் பெயருக்கு முன்னால் ஆங்கிலத்தில் ‘ஸ்டேட்-ரன்’ என்று வந்தால் கண்ணை மூடிக்கொண்டு ‘அரசு நடத்தும்’ என்று தட்டிவிடுவார்.

“டிவி பேரை மட்டும் போட்டா போதாதாண்ணே?” என்று கேட்டாள், பக்கம் வடிவமைக்கும் பெண்.

“வெளிநாட்டு நிருபருங்க பழக்கம்மா. அந்த டிவிக்குச் சொந்த வாய் கிடையாது, பேசுறது அரசாங்கம்னு நமக்கு ஜாடை காட்டுறாங்க.”

அன்று முதலாளி வரவில்லை. அவர் அறையில் முன்பின் தெரியாத இருவர் உட்கார்ந்து, மறுநாள் தலையங்கத்தை அடித்துத் திருத்திக்கொண்டிருந்தார்கள்.

மதியம் வெளிநாட்டு ஏஜென்சியின் செய்தியொன்று திரையில் வந்தது. பழக்கதோஷத்தில் அவர் விரல்கள் ‘அரசு நடத்தும்’ என்று தட்டி முடித்தன. அடுத்திருந்த பெயரைத் தட்டப் போனவர், அதை இன்னொரு முறை படித்தார்.

அது அவர் வேலை பார்க்கும் பத்திரிகையின் பெயர்.