நானூற்றுப் பதினேழின் அடுத்த ஆட்டம்

எந்தக் கிழமை என்று கேட்டால் இப்போது தடுமாறுவேன். வியாழன் என்றுதான் நினைவு. அம்மா இஸ்திரி போட்டது வெள்ளியன்றாகவும் இருக்கலாம். சட்டை ஆரஞ்சு நிறம் என்பதில் மட்டும் சந்தேகமில்லை.

வீட்டில் நாங்கள் மூன்று பிள்ளைகள். அக்காவுக்குக் கையேடு எழுதும் வேலை. சலவை இயந்திரமோ மிக்ஸியோ, ஒவ்வொரு பொத்தானையும் தானே அழுத்திப் பார்க்காமல் ஒரு வரி எழுதமாட்டாள். எங்கள் கடைக்குட்டித் தம்பி நேரெதிர். சட்டைப்பையில் எப்போதும் நாலு திருகாணி கிடக்கும் என்பதால் அவனுக்குப் பெயரே திருகாணி. ரோபோ போட்டிக்கு வரும் அணிகளுக்காக அவன் ஒரு தேடல் செயலி செய்து கொடுத்திருந்தான். அணி எண்ணைத் தட்டினால் போதும்; பழைய ஆட்டங்கள், எடுத்த புள்ளிகள், ரோபோவின் எடை, அடுத்த ஆட்டம் யாரோடு, எந்தக் களத்தில், எத்தனை மணிக்கு என்று எல்லாம் வந்து விழும். அது எப்படி இயங்குகிறது என்று மட்டும் எங்கும் எழுதிவைக்கவில்லை. கேட்டால், "எல்லாம் மண்டையில இருக்குக்கா" என்பான். இது நடப்பதற்கு எட்டு மாதத்துக்கு முன் ஒரு மழைநாளில் பைக் சறுக்கி விழுந்தான். மண்டையில் இருந்ததெல்லாம் அவனோடு போயிற்று.

போட்டி அலுவலர் தயங்கித் தயங்கித்தான் சொன்னார். "கையேடு இல்லாத செயலிய நான் எப்படிம்மா அடுத்த வருஷத்துக்குக் கொண்டுபோறது? மாசக் கடைசிக்குள்ள எழுதிக் குடுத்தீங்கன்னா இருக்கட்டும். இல்லேன்னா எடுத்துடுவோம்."

தம்பி செய்ததில் மிச்சம் இது ஒன்றுதான். அக்கா ஒப்புக்கொண்டாள்.

ஒரு மத்தியானம் சாப்பாட்டு மேஜையில் மடிக்கணினியை வைத்துக்கொண்டு, முதல் எடுத்துக்காட்டுக்காக அவனுடைய அணி எண்ணையே தட்டினாள். 417. அவனுக்குப் பிறகு அந்த அணி கலைந்துவிட்டது. கலைந்த அணியின் எண்ணை வேறு யாருக்கும் கொடுப்பதில்லை என்பது அங்கே வழக்கம். பழைய ஆட்டங்கள் மட்டும் வரும் என்று நினைத்தாள். மேலே முதல் வரியாக வந்தது: அடுத்த ஆட்டம், சனிக்கிழமை, மூன்றாம் களம், 10.40.

மூடித் திறந்தாள். அதேதான். அடுத்த வாரம் பார்த்தபோது நேரம் 11.20 என்று மாறியிருந்தது.

அந்த அணியின் ரோபோவுக்குச் சக்கரம் செய்தவனைக் கூப்பிட்டாள். அவனைச் சக்கரம் என்றுதான் எல்லோரும் அழைப்பார்கள். போனில் விஷயத்தைச் சொன்னாள்.

"அது அவன் வச்ச வேலைதான்க்கா," என்றான். "வாரா வாரம் ஒரு பொய் ஆட்டம் தானா உருவாகும். அது வந்தா செயலி உயிரோட இருக்குன்னு அர்த்தம். மத்தவனா இருந்தா ஒரு டம்மி எண் போட்டிருப்பான். நம்மாளு சொந்த எண்ணையே போட்டான். நம்மள யாரு தேடப்போறான்னு நக்கல் வேற."

"ஏன்டா எங்கிட்ட சொல்லல?"

"நானும் வாரா வாரம் பாப்பேன்க்கா."

பிறகு அவனே சொன்னான். "ஆனா ஒரு சிக்கல். எதிரணின்னு ஏதாவது நெஜ அணியோட பேர எடுத்துப் போட்டுக்கும். போன மாசம் பயிற்சி ஆட்டத்துல ஒரு பொண்ணுங்க அணி மூணாம் களத்துல ஒரு மணி நேரம் நின்னுருக்கு, 417 வரும் வரும்னு."

அக்கா உட்கார்ந்து எழுதினாள்: 417 பொய்ப் பதிவு, நீக்கப்பட வேண்டும். அப்போது சூடேறிய துணியின் வாசனை வந்தது. உள்ளறையில் அம்மா இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். ஆரஞ்சு நிறச் சட்டை. முதுகில் 417.

"யாருக்கும்மா இது?"

"சனிக்கிழமை பதினொண்ணு இருபதுக்கு. போன வாரம் பத்து நாப்பது." அம்மா நிமிரவில்லை. மகனின் ஆட்டத்தைப் பார்க்க வசதியாக அவனே அம்மாவின் போனில் செயலியைப் போட்டுக் கொடுத்திருந்தான். "கசங்கின சட்டையோட போனா நல்லாவா இருக்கும்?"

அக்கா அம்மாவையே பார்த்தாள்.

"பைத்தியம்னு பாக்காதடி. வரமாட்டான்னு எனக்குத் தெரியாதா? நேரம் தெரிஞ்சா போதும் எனக்கு."

இரண்டு நாள் அக்கா கையேட்டைத் தொடவில்லை. உள்ளதை அப்படியே எழுதினால் அலுவலர் பதிவை அழிக்கச் சொல்வார். எழுதாமல் விட்டால் இன்னொரு அணி வெறுங்களத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கும். மூன்றாம் நாள், எதிரணிப் பெயர் வரும் இடத்தை மட்டும் காலியாக்கச் சொன்னாள். சக்கரம் செய்து முடித்தான். பிறகு எழுதியதை அடித்துவிட்டு வேறு எழுதி அம்மாவுக்குப் படித்துக் காட்டினாள்.

'செயலி இயங்குகிறதா என்று அறிய 417 எனத் தட்டவும். ஓர் ஆட்ட நேரம் தெரிந்தால் இயங்குகிறது. அந்த ஆட்டத்துக்கு யாரும் வரமாட்டார்கள். காத்திருக்க வேண்டாம்.'

அம்மா கடைசி வரியைத் திரும்பப் படிக்கச் சொன்னாள். "காத்திருக்க வேண்டாம்னு எல்லாருக்குமா போட்டிருக்க?"

"அணிகளுக்குத்தாம்மா."

அம்மா தலையசைத்தாள்.

அலுவலர் அந்த வரிகளை இரண்டு முறை படித்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். செயலி இன்றும் ஓடுகிறது. ஏமாந்து நின்ற பெண்கள் அணி அடுத்த ஆண்டு மூன்றாம் இடம் பிடித்தது. சக்கரம் லிஃப்ட் பழுதுபார்க்கும் வேலைக்குப் போய்விட்டான். அக்கா சலவை இயந்திரங்களுக்குத் திரும்பினாள். அம்மா சட்டையை மடித்து அலமாரியில் வைத்துவிட்டாள். ஆட்ட நேரத்தை மட்டும் வாரா வாரம் பார்க்கிறாள்.