பதினேழாம் பக்கத்து லகரம்

மூன்றாம் மாடிக்குப் போகும் லிஃப்டில் ஒரு சிறகு மாட்டிக்கொண்டது. சிறகுக்குச் சொந்தக்காரர் ஐம்பதைத் தொட்டவர். கழுத்துவரை வெள்ளிச் செதில், தலையில் இரண்டு கொம்பு, மூக்கில் வாசிக்கும் கண்ணாடி. "கொஞ்சம் உள்ள தள்ளுங்கம்மா, பறக்கிறப்ப இவ்வளவு கஷ்டம் இல்ல," என்றார். கண்ணாடிக்கடைக்காரி கைப்பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு சிறகை இரண்டு கையாலும் மடக்கி உள்ளே தள்ளினாள். கதவு மூடியது. பக்கத்தில் நின்ற நாத்தனார் அந்த மனிதரை உச்சந்தலையிலிருந்து ஒவ்வொரு செதிலாகப் பார்த்துவிட்டு, "அண்ணி, இவங்கல்லாம் வீட்டுலேருந்தே இப்படிக் கிளம்பி வர்றாங்களா? பஸ்ஸுல ஒரு டிக்கெட்டா, ரெண்டு டிக்கெட்டா?" என்று காதருகே கேட்டாள். காதருகே என்பது அவள் கணக்கு. லிஃப்ட் முழுக்கக் கேட்டது.

அறிவியல் கதை, மாயக் கதை ரசிகர்கள் வேஷம் கட்டிக்கொண்டு கூடும் இரண்டு நாள் மாநாடு அது. கண்ணாடிக்கடைக்காரியை எழுத்தாளர் என்று சொல்லிக் கூப்பிட்டிருந்தார்கள். அவள் தெருவில் போய் எழுத்தாளர் வீடு எது என்று கேட்டால் யாரும் கை காட்ட மாட்டார்கள். எதிரே உட்காருகிறவர்களை எழுத்துப் பலகையைப் படிக்கவைத்து, 'இது தெளிவா, முன்ன இருந்தது தெளிவா' என்று வில்லை மாற்றிக்கொண்டிருப்பவள் நாவல் எழுதியிருக்கிறாள் என்பது தெருவில் பாதிப் பேருக்குத் தெரியாது. தெரிந்த மீதிப் பேர் கேள்விப்பட்டதோடு நிறுத்திக்கொண்டார்கள். சூரியன் எட்டாத பெரும்பாறைக்கடியில் வாழும் ஓர் ஊரின் கதை அது. வந்து பதினோரு வருஷம் ஆகிறது. வாங்கியவர்கள் கொஞ்சம்தான், ஆனால் வாங்கியவர்கள் அதை விடுவதாக இல்லை. புருஷனுக்கு லீவு கிடைக்கவில்லை, கொடுத்த அறையில் இரண்டு கட்டில், ஆகவே நாத்தனார்.

நாத்தனார் கூரியர் ஆபீசில் முகவரி சரிபார்ப்பவள். கதவு எண் ஒன்று தப்பினாலும் அவளுக்கு மூக்கில் வியர்த்துவிடும். நாவல் வீட்டுக்கு வந்த அன்று மாமனார், கொழுந்தன், பக்கத்து வீட்டுக்காரர் எல்லாரும் அட்டையைப் பாராட்டிக்கொண்டிருக்க, அவள்தான் உண்மையிலேயே படித்தாள். பதினேழாம் பக்கம்வரை படித்தாள். "அண்ணி, இது பள்ளிக்கு வர்ற ள-தானே? பல்லுக்கு வர்ற ல-வைப் போட்டு வச்சிருக்கீங்க," என்றாள் கூடத்தில், எல்லார் முன்னாலும்.

'இருட்டு இறங்கியதும் அவரவர் வாசலில் ஒலியை ஏற்றி வைத்தார்கள்.'

ஒளியை என்று இருந்திருக்க வேண்டும். கணினியில் ஷிஃப்டை அழுத்தினால் ள, அழுத்தாவிட்டால் ல. அன்றைக்கு ஒரு விரல் சோம்பிவிட்டது. ஊரையே எழுத்துப் படிக்கவைக்கிறவள் தன் எழுத்தைப் படிக்கவில்லை என்று வீட்டில் ஒரு மாதம் சிரித்தார்கள். நாத்தனார் அந்தப் பக்கத்தோடு மூடிய புத்தகத்தை அப்புறம் திறக்கவே இல்லை.

சிரிப்பு அடங்கிவிட்டது. அடங்காதது வாசகர் கடிதங்கள். எழுதுகிறவர்கள் எல்லாரும் சொல்லிவைத்தாற்போல் அந்த வரியையே பிடித்துக்கொண்டார்கள். 'ஒலியை ஏற்றுவது! எப்படி அம்மா தோன்றியது?' என்று ஓர் ஆசிரியர் நாலு பக்கம் எழுதியிருந்தார். அவள் நன்றி என்று ஒரு வரி எழுதிப் போட்டாள். அடுத்தவர் பேருக்கு வந்த பார்சலைக் கையெழுத்துப் போட்டு வாங்கி வைத்துக்கொண்ட மாதிரி பதினோரு வருஷமாக அவளுக்கு ஒரு குறுகுறுப்பு. இப்போது இரண்டாம் பதிப்பு வருகிறது. அச்சுக்கு முந்தைய கடைசித் திருத்தப் பிரதி கைப்பையில் இருந்தது. ஞாயிறு மாலை நாலு மணிக்கு அதைப் பதிப்பாளர் கையில் கொடுத்துவிட வேண்டும், அதற்கப்புறம் ஒரு புள்ளியைக்கூட மாற்ற முடியாது. பதினேழாம் பக்கத்து ல-வைச் சுற்றி வீட்டிலேயே சிவப்பு வட்டம் போட்டாயிற்று. ஞாயிறு காலை வாசகர்களைச் சந்திக்கும்போது அது வெறும் தப்பு என்று வாயால் சொல்லிவிடுவது என்றும் முடிவு செய்திருந்தாள். அந்த வரி போய்விட்டால் தன்னிடம் வேறு என்ன இருக்கிறது என்று அவர்கள் கேட்டால் என்ன சொல்வது என்பது மட்டும் முடிவாகவில்லை.

சனிக்கிழமை முழுக்க இருவரும் வாய் பிளந்து சுற்றினார்கள். ஆறு கைக்காரி ஒருத்தி வருகைப் பதிவேட்டில் எந்தக் கையால் கையெழுத்துப் போடுவது என்று தடுமாறினாள். தகரம் சுற்றிய இயந்திர மனிதன் தன் முகமூடி ஓட்டைவழியே குழல்போட்டுத் தேநீர் குடித்தான். வானத்தில் இரண்டு நிலா இருந்தால் மாதத்துக்கு எத்தனை நாள் என்று ஒரு மேஜையில் எட்டுப் பேர் சண்டை. பாகப்பிரிவினைக்குக்கூட அவ்வளவு சூடாகப் பேசி அவள் பார்த்ததில்லை. முதலில் சிரிப்பு வந்தது. மத்தியானத்துக்குமேல் சிரிப்பு எங்கோ போய்விட்டது. இத்தனை பேர் இல்லாத ஒன்றுக்காக லீவு போட்டு, துணி தைத்து, ரயிலேறி வந்திருக்கிறார்கள். ஒருத்தர் முகத்திலும் விளையாட்டு இல்லை.

ஏழாம் எண் அறை வாசலில் நாத்தனார் நின்றுவிட்டாள். கதவில் ஒட்டியிருந்த தாளில் 'ஒலியேற்றல், ஞாயிறு பதினோரு மணி, எழுத்தாளர் வருகிறார்' என்று இருந்தது.

"பாருங்க, இங்கயும் அதே தப்பு. இது தொத்து வியாதி போல," என்று பேனாவைத் திறந்தாள்.

"அக்கா, அதைத் தொடாதீங்க." சாம்பல் நிற அங்கி போட்ட ஓர் ஆள் உள்ளேயிருந்து வந்தார். பஸ் ஓட்டுகிறவர், வாசகர் குழுவை நடத்துகிறவர். கண்ணாடிக்கடைக்காரியை அடையாளம் கண்டதும் தன் அங்கியின் நாடாவை அவிழ்த்து மறுபடி கட்டினார். "நாளைக்கு வருவீங்கல்லக்கா?" என்று மட்டும் கேட்டார்.

ஞாயிறு பதினோரு மணிக்கு அந்த அறையில் அறுபது பேர் இருந்தார்கள். ஜன்னல் கண்ணாடிகளில் கறுப்புத் தாள் ஒட்டியிருந்தது. கண்ணாடிக்கடைக்காரிக்கு வரிசைக் கடைசிக்கு ஒன்று முன்னால் இடம், வலப்பக்கம் நாத்தனார். பஸ் ஓட்டுநர் ஒரு நர்ஸைப் பேசச் சொன்னார். அந்த அம்மாள் புத்தகத்தைப் பிரிக்காமலே பேசினார்.

"பத்தாவது அத்தியாயத்துல வெள்ளம் வந்து ஊரே இருண்டு போகுது, அந்தப் பொண்ணு வெளிய மாட்டிக்கிறா. பதினொண்ணுல தன் வீட்டு வாசல்ல நிக்குறா. எப்படி வந்தா?"

கண்ணாடிக்கடைக்காரி கைப்பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டாள். எப்படி வந்தாள் என்பது அவளுக்கே தெரியாது. எழுதும்போது மறந்துபோன இடம் அது. விளக்கெல்லாம் அணைந்தபிறகு அந்தப் பெண்ணுக்கு வழி காட்ட ஒன்றையும் அவள் மிச்சம் வைக்கவில்லை. புத்தகம் வந்தபிறகுதான் கண்ணில் பட்டது. யாராவது கேட்டுவிடுவார்களோ என்று பதினோரு வருஷமாகப் பயம். நல்லவேளையாக எல்லாரும் அந்த ல-வையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"தண்ணி தீயைத்தான் அணைக்கும்," என்றார் நர்ஸ். "வாசல்ல அவ அம்மா ஏத்தி வச்சது ஒலி. அதை எந்த வெள்ளம் அணைக்கும்? அதைப் பிடிச்சுக்கிட்டே வந்துட்டா. முதல் தடவ படிக்கிறப்போ நான் ஷிஃப்ட் முடிஞ்சு பஸ்ஸுல வந்துக்கிட்டிருந்தேன். இறங்க வேண்டிய இடத்த விட்டுட்டேன்."

"என் பஸ்தான்," என்றார் ஓட்டுநர். அறை சிரித்தது.

கண்ணாடிக்கடைக்காரி சிரிக்கவில்லை. தான் கட்டிய வீட்டுக்குள் தனக்குத் தெரியாத ஓர் அறை இருந்து, அதில் அறுபது பேர் பல வருஷமாகக் குடியிருப்பதைப் பார்த்தவள்போல உட்கார்ந்திருந்தாள். பிறகு, தள்ளிப்போட்டால் வாய் வராது என்று எழுந்து நின்றாள்.

"நான் ஒண்ணு சொல்லணும். அது ஒலி இல்ல. ஒளின்னுதான் நினைச்சேன். விரல் தப்பிடுச்சு. நீங்க சொல்ற எதையும் நான் யோசிக்கல."

பஸ் ஓட்டுநர் மெதுவாகச் சொன்னார். "தெரியும்க்கா."

"தெரியுமா?"

"நாங்களும் தமிழ் படிச்சவங்கதானே. மொதல்ல படிச்சப்பவே தெரியும். தப்புதான். ஆனா அங்க அப்படி நடந்திருச்சேக்கா. நடந்தத எப்படி இல்லேங்கறது?"

நாத்தனார் வாயைத் திறந்தாள், மூடிக்கொண்டாள். அவளைத் தெரிந்தவர்களுக்கு அது சின்ன விஷயம் இல்லை.

"புதுப் பதிப்புல மாத்திட்டீங்களா?" என்று நர்ஸ் கேட்டார். கேட்ட குரல் வார்டில் அதட்டிக் கேட்கிற குரல் இல்லை.

"வட்டம் போட்டிருக்கேன். சாயங்காலம் கொடுக்கணும்."

கெஞ்சுவார்கள் என்று எதிர்பார்த்தாள். ஒருவரும் கெஞ்சவில்லை. ஓட்டுநர் தலையை ஆட்டினார். "உங்க புக்கு. நாங்க என்ன சொல்றது. இன்னைக்கு ஒரு தடவ ஏத்திக்கிறோம், இருந்து பாருங்க." போய் விளக்கை அணைத்தார்.

அது சாதாரண இருட்டு இல்லை. தன் கையைத் தானே தேட வேண்டியிருந்தது. கதவோரம் யாரோ வாயை மூடியபடி ஒரு சுருதியை முனகினார்கள், நூல் கனத்துக்கு. அந்த ஒருவர் பக்கத்தில் இருந்தவர் மணிக்கட்டைத் தொட்டிருக்க வேண்டும்; நூல் இரண்டானது. திரியிலிருந்து திரிக்குப் போகிற அதே நிதானம். இரண்டு நாலாகி, நாலு ஒரு வரிசையாகி நகர, அறை மெல்லத் துலங்கத் தொடங்கியது. தூண் இருக்கும் இடத்தில் ஒலி பிளந்து சுற்றிக்கொண்டு போனது. ஜன்னல் பக்கம் வழுக்கியது. பின்சுவரில் அடுக்கிய நாற்காலிகளில் சிக்கிச் சிதறியது. பாறைக்கடியில் ஓர் ஊரை அவள் மூன்று வருஷம் உட்கார்ந்து எழுதியிருந்தாள். அதற்குள் நிற்பது இதுதான் முதல்முறை. அழுகிறோமா என்று கன்னத்தைத் தொட்டுப் பார்த்தாள், உலர்ந்தே இருந்தது.

ஒலி அவள் வரிசைக்குத் திரும்பியது. ஐந்தாவது ஆள், நாலாவது, மூன்றாவது. பிறகு ஒரு சின்ன இடைவெளி. நாத்தனார் தயங்குகிறாள். அடுத்த நொடி, சுருதிக்கு ஒரு விரற்கடை கீழே, கரகரத்துக்கொண்டு ஒரு குரல் எழுந்தது. குளிர்ந்த விரல்கள் இருட்டில் துழாவி, முழங்கையைத் தொட்டு, கீழே இறங்கி, அண்ணியின் மணிக்கட்டைக் கண்டுபிடித்தன.

கண்ணாடிக்கடைக்காரி மூச்சை இழுத்து அதே சுருதியை முனகினாள். தன் குரல் வெளியே போய், இடப்புறம் ஒரு நாற்காலி காலியாக இருப்பதைத் தொட்டுத் திரும்பி வந்து சொன்னது. அதற்கும் அப்பால், அடுத்த வரிசையில், யாரோ கையை நீட்டிக்கொண்டு காத்திருந்தார்கள். அவள் அந்தக் காலி நாற்காலிக்கு மேலாகச் சாய்ந்து, கையை நீட்டினாள்.