பக்கத்துக்கு ரெண்டு மில்லி

பெட்டியை ஹாலில் இறக்கி, அப்பாவைத் தூக்கி உள்ளே கிடத்தி, மூடியைப் போட்ட பிறகுதான் மகள் அந்த விரிசலைப் பார்த்தாள். குளிர்பெட்டி மூடியின் தலைமாட்டில் முகம் தெரிவதற்காகப் பதித்திருந்த கண்ணாடி, மூலைக்கு மூலை கீறிப் போயிருந்தது. பிரிந்து விழாமலிருக்க அதன் மேலேயே செலோடேப் ஒட்டியிருந்தார்கள். ஊரில் பாதி ஜன்னல்களுக்குக் கண்ணாடி போட்ட மனிதர் செலோடேப்புக்கு அடியில் படுத்திருந்தார்.

"வேற பெட்டி இல்லையா?" என்று கேட்டாள்.

"எல்லாம் வெளிய போயிருக்கும்மா. இது ஒண்ணுதான் மிச்சம். கூலிங்ல ஒரு குறையும் இருக்காது, அதுக்கு நான் பொறுப்பு" என்றார் பெட்டியைக் கொண்டுவந்த டிரைவர்.

அம்மா நாற்காலியை இழுத்துப் போட்டுப் பெட்டியருகே உட்கார்ந்திருந்தாள். காலையில் காபியோடு போய் எழுப்பியபோது அப்பா எழுந்திருக்கவில்லை. அப்போதிலிருந்து அவள் அழவும் இல்லை, யாரிடமும் எதையும் கேட்கவும் இல்லை. இப்போதுதான் வாயைத் திறந்தாள்.

"மூஞ்சில கோடு விழுதுடி. கண்ணுலேருந்து வாய் வரைக்கும். நல்லாவே இல்ல."

"மாத்திடறேம்மா" என்றாள் மகள்.

அவர்களுடைய கண்ணாடிக் கடை இரண்டு தெரு தள்ளி இருந்தது. சாவி அவள் இடுப்பிலேயே இருந்தது. எடுக்கும் நேரம் நாலு மணி, இப்போது மணி பத்தரை. டிரைவர் சட்டத்தின் ஸ்க்ரூவைக் கழற்றிக் கீறல் கண்ணாடியை எடுத்தார். திறந்த பெட்டியின் மேல் கனமான போர்வை ஒன்றைப் போட்டார்கள். மூடியை வராந்தாச் சுவரில் சாய்த்து வைத்து, மகள் அளவு டேப்பை நீட்டி மில்லிமீட்டரில் அளந்தாள். அறுநூத்திப் பன்னெண்டு, ஐநூத்தி நாப்பத்தெட்டு. உள்ளங்கையில் எழுதிக்கொண்டாள்.

அத்தைக்கு இது பொறுக்கவில்லை. அப்பாவின் கூடப்பிறந்தவள், மனதில் பட்டதை வாயில் நிறுத்தி வைக்கத் தெரியாதவள். "பெத்தவன் உயிரை விட்டு ஆறு மணி நேரம் ஆகல. பொண்ணு கடையைத் திறக்கப் போறா. நல்ல கூத்துடி இது!"

மகள் செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தாள். பின்னாலேயே முக்கால் போனார். கடையில் முப்பது வருடமாக இருப்பவர். ஒரு பெரிய நிலைக்கண்ணாடி அவருடைய இடது ஆள்காட்டி விரலில் கால்வாசியைக் கொண்டுபோனதிலிருந்து அதுதான் பெயர். போனில்கூட "முக்கால் பேசறேன்" என்றுதான் சொல்வார்.

கடையில் மேஜைமேல் ஐந்து மில்லி கனமுள்ள கண்ணாடியைப் படுக்க வைத்து, வெட்டும் பேனாவை மண்ணெண்ணெயில் தொட்டு ஒரே இழுப்பாக இழுத்தாள். விளிம்பில் தட்டி அழுத்தியதும் கண்ணாடி கோட்டோடு சுத்தமாக உடைந்தது. ஓரத்தைக் கல்லால் தேய்த்து, பழைய செய்தித்தாளில் சுற்றி, முக்கால் அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டார். அரை மணியில் வீட்டுக்குத் திரும்பிவிட்டார்கள்.

கண்ணாடி உட்காரவில்லை.

ஒரு பக்கம் இறங்கினால் மறுபக்கம் தூக்கிக்கொண்டு நின்றது. டிரைவர் உள்ளங்கையால் அழுத்தப் போனார். "அழுத்தாதீங்க, வெடிச்சிடும்!" என்று கத்தினாள் மகள். அவளுக்கு அதற்குள் புரிந்துவிட்டது. சட்டத்தின் அளவை அப்படியே வெட்டிவிட்டாள். கண்ணாடியைச் சட்டத்தைவிடப் பக்கத்துக்கு இரண்டு மில்லி குறைத்து வெட்ட வேண்டும், வெயிலில் விரிய, மரமோ இரும்போ அசைந்தால் ஒதுங்க. நேற்று வேலைக்குச் சேர்ந்தவனுக்குக்கூடத் தெரிந்த விஷயம். ஆனால் இருபது வருடமாக அந்தக் கழித்தலை அவள் தானாகச் செய்ததே இல்லை. அவள் அளப்பாள், பின்னாலேயே அப்பா இன்னொரு தடவை அளப்பார், "சரி, பக்கத்துக்கு ரெண்டு கழி" என்பார். அப்புறம்தான் அவள் எழுதியதை அடித்துத் திருத்துவாள்.

ஓரத்தில் நாலு மில்லியை மட்டும் உரித்தெடுப்பதும் நடக்காத காரியம். எங்கேயாவது பிய்த்துக்கொண்டு போகும். வேறு கண்ணாடிதான் வெட்ட வேண்டும்.

"அவன் இருந்திருந்தா ரெண்டு தடவை அளந்திருப்பான்" என்றாள் அத்தை. குத்திக்காட்டச் சொன்னதில்லை. தம்பி நினைப்பில் வந்துவிட்டது. மகள் எழுந்து வெளியே போய் வாசல் படியில் உட்கார்ந்துகொண்டாள்.

சற்றுநேரம் கழித்து முக்கால் வந்து இரண்டு படி கீழே உட்கார்ந்தார்.

"நாலு மில்லிக்கு இப்படி உக்காந்துட்டா எப்படி பாப்பா?" அவளுக்கு நாற்பத்திரண்டு வயது. அவருக்கு இன்னும் பாப்பாதான்.

"அண்ணே, முந்தாநாள் டாக்டர் வீட்டு ஜன்னலுக்குப் போனோமே... நீங்க வண்டியில இருந்தீங்க. நான் அளந்து முடிச்சேன். அப்பா வழக்கம்போல டேப்பை எடுத்துட்டு வந்தார். அவங்க எல்லாரும் பாத்துட்டு நிக்கறாங்க. எனக்குப் பத்திக்கிட்டு வந்துச்சு. டேப்பை அவர் கையிலேருந்து பிடுங்கிட்டேன். 'என் அளவு போதும்ப்பா, எத்தனை வருஷம் என்னைச் சின்னப்புள்ளையாவே வெச்சிருப்பீங்க'ன்னு கேட்டுட்டேன்."

"அதுக்கு என்ன சொன்னார்?"

"வண்டியில ஏறி உக்காந்துட்டார். நேத்து கடைக்கு வந்தார், ஒரு டேப்பையும் தொடல. இன்னிக்கு..." அவள் நிறுத்தினாள். "கடைசிவரைக்கும் என்னை நம்பல. அந்தக் கோபத்துல நானும் அவரை அவமானப்படுத்தி அனுப்பிட்டேன்."

முக்கால் தன் குறைவிரலைத் தேய்த்துக்கொண்டார்.

"டேப்புல அவருக்கு ஒண்ணுமே தெரியாது பாப்பா."

"என்ன?"

"கண்ணு போயிட்டிருந்துச்சு. ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. ஆள் தெரியும், வாசல் தெரியும். எழுத்தும் நம்பரும் தெரியாது. நான்தான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போனேன். கண்ணாடி போட்டும் பிரயோஜனமில்லன்னுட்டாங்க. வெளிய வந்து சிரிக்கிறார், 'ஊருக்கெல்லாம் கண்ணாடி போட்டேன், எனக்கு ஒண்ணும் செட்டாகல பாத்தியா'ன்னு."

"அப்புறம் ஏன் டேப்பைப் பிடிச்சுக்கிட்டு நின்னார்?"

"சும்மா பிடிச்சார். நீ என்ன எழுதினியோ அதான் அளவு. ஒரு வருஷமா இந்த ஊர்ல மாட்டின ஒவ்வொரு கண்ணாடியும் உன் அளவு மட்டும்தான்."

"என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா வீட்ல உக்கார வெச்சிருப்பியே."

வைத்திருப்பாள். அதில் சந்தேகமில்லை.

இப்போது ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தது. முன்பெல்லாம் அப்பா தானாக அளந்து, தன் எண்ணைச் சொல்லி, அப்புறம் அவளுடையதைக் கேட்பார். ஒரு மில்லி வித்தியாசத்துக்கு ஒரு மணி நேரம் சண்டை நடக்கும். இந்த ஒரு வருடமாக ஒரு சண்டையும் இல்லை. "எவ்வளவு எழுதியிருக்க?" என்று முதலிலேயே கேட்டுவிடுவார். டேப்பை வைத்துக்கொண்டு வீட்டுக்காரர்களிடம் பேச்சுக் கொடுப்பார். அந்தக் காலத்தில் வாயால் ஊதித்தான் கண்ணாடி செய்தார்கள், ஊதிய உருண்டையைக் கோலில் வைத்துச் சுழற்றினால் தோசைபோல விரியும், நடுவில் குமிழ் விழுந்த துண்டு யாருக்கும் வேண்டாததால் ஏழை வீட்டு ஜன்னலுக்குப் போகும். இப்போது உருகிய வெள்ளீயத்தின் மேல் மிதக்க விடுகிறார்கள், அதனால்தான் இவ்வளவு சமம். எல்லாம் வெறும் மணல் சார், மணலும் சோடா உப்பும் சுண்ணாம்பும். கேட்கிறவர்கள் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். டேப்பை ஒருவரும் பார்க்கமாட்டார்கள். இந்த ஒரு வருடத்தில் அந்தக் கதை நீண்டுகொண்டே போனது. வயதாகிவிட்டது, வளவளக்கிறார் என்று அவள் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றிருக்கிறாள்.

அப்படியென்றால் முந்தாநாள் அவர் கையிலிருந்து எதைப் பிடுங்கினாள்? அவள் அளவைச் சந்தேகப்பட்ட டேப்பை அல்ல. கூட வருவதற்கு அவருக்கிருந்த ஒரே சாக்கை. முந்தானையில் முகத்தை அழுத்தித் துடைத்துக்கொண்டு எழுந்தாள்.

"வாங்கண்ணே, அளக்கலாம்."

"அதான் அளவு கையில இருக்கே. நாலைக் கழிச்சுக்கிட்டா போச்சு."

"இல்ல. திரும்ப அளக்கணும்."

வராந்தாவில் மூடியின் முன் மண்டியிட்டு மறுபடி அளந்தாள். அதே எண்கள்தான் வந்தன. எழுதினாள். பிறகு டேப்பை முக்காலிடம் நீட்டினாள். "நீங்க ஒரு தடவை."

"உன் அளவு போதும் பாப்பா."

"அளங்கண்ணே."

அவர் டேப்பை வாங்கிச் சட்டத்தின் மேல் வைத்தார். அவர் கண்ணுக்கு ஒரு குறையும் கிடையாது. ஆனாலும் டேப்பைப் பார்க்குமுன் அவளைப் பார்த்தார்.

"எவ்வளவு எழுதியிருக்க?"

"அறுநூத்திப் பன்னெண்டு. ஐநூத்தி நாப்பத்தெட்டு."

முக்கால் டேப்பின் மேல் நன்றாகக் குனிந்தார். எண்களைப் படிக்கத் தேவையானதைவிட அதிக நேரம் குனிந்திருந்தார். "சரி" என்றபோது குரல் சரியாக வரவில்லை. கனைத்துக்கொண்டு மறுபடி சொன்னார். "சரி. பக்கத்துக்கு ரெண்டு கழி."

அவள் உள்ளங்கையில் இருந்ததை அடித்துவிட்டு எழுதினாள். அறுநூத்தி எட்டு, ஐநூத்தி நாப்பத்து நாலு.

பன்னிரண்டரைக்கு இரண்டாவது கண்ணாடி வந்தது. ஓரங்களில் வேண்டிய இடம் விட்டு, தானாகவே இறங்கி உட்கார்ந்தது. ரப்பரை வைத்து, டிரைவர் ஸ்க்ரூவை முடுக்கினார். மகள் இரண்டு பக்கமும் ஈரத்துணியால் ஒரு தரம், காய்ந்த துணியால் ஒரு தரம் துடைத்தாள். போர்வையை எடுத்துவிட்டு, நாலு பேராகத் தூக்கி மூடியைப் பெட்டிமேல் வைத்தார்கள். "இப்பத்தான் என் தம்பி மாதிரி இருக்கான்" என்று அத்தை அழ ஆரம்பித்தாள்.

கூட்டம் கொஞ்சம் விலகியதும் அம்மா நாற்காலியிலிருந்து எழுந்து வந்தாள். குனிந்து பார்த்தாள். கோடு இல்லை. முகம் முழுதாக இருந்தது. நெற்றியில் முடி ஒரு கற்றை விழுந்திருந்தது.

"இன்னும் கண்ணாடி போடலையா?" என்று கேட்டாள்.

"போட்டாச்சும்மா."

அம்மா அதைக் காதில் வாங்கவில்லை. முடியை ஒதுக்கிவிடக் கையை நீட்டினாள். விரல்கள் கண்ணாடியில் இடித்தன.