காதில் விழுந்தது

என் தங்கை சின்னவள் காரை உள்ளே கொண்டுவந்து நிறுத்தும்போதே எனக்கு அந்தச் சத்தம் கேட்டுவிட்டது. டிக், டிக், டிக்கென்று, யாரோ நகத்தால் தகரத்தைத் தட்டுவதுபோல. பதினோரு வருஷமாகப் புகைச் சோதனை நிலையத்தில் நிற்பவளுக்கு அது போதும். இன்ஜினிலிருந்து புகைக்குழாய் புறப்படும் இடத்தில் மயிரிழை வெடிப்பு. இன்ஜினைச் சூடேற ஓடவிட்டேன். சூட்டில் இரும்பு விரிந்து சத்தம் அடங்கியது. வெடிப்பு எங்கே போகும்?

கார் அப்பாவுடையது. கடைசி எட்டு மாதம் அவர் என் வீட்டில்தான் கிடந்தார். மருந்து, கஞ்சி, துணி மாற்றுவது எல்லாம் நான். தங்கை ஞாயிற்றுக்கிழமைதோறும் வருவாள். வாசலில் அவள் செருப்புச் சத்தம் கேட்டதும் அப்பாவின் முகம் கழுவித் துடைத்தாற்போல் பளிச்சென்று ஆகிவிடும். அப்படி ஒரு ஞாயிற்றுக்கிழமைதான் கார் சாவியை அவள் கையில் கொடுத்தார். “உனக்கென்னம்மா, தினம் நூறு கார் பாக்கறே” என்றார் என்னிடம். நானும் சிரித்துவைத்தேன். நூறு காரைப் பார்த்துவிட்டு பஸ்ஸில் நின்றுகொண்டே வீட்டுக்குப் போகிறவள் நான். ஒரு கண்ணுக்கு வெண்ணெய், இன்னொரு கண்ணுக்குச் சுண்ணாம்பு.

சைலன்சர் வாயில் கருவியின் குழாயைச் செருகினேன். திரையில் கார்பன் மோனாக்சைடு அனுமதித்த அளவைத் தாண்டி இரண்டு மடங்கில் போய் நின்றது.

“பாஸாக்கா?”

“ஃபெயில்.”

“போன வாரம்தானே ஏர் ஃபில்டர் மாத்தினேன். ஸ்பார்க் பிளக்கும் புதுசு.”

அவள் செய்ததெல்லாம் சரிதான். பாதி வண்டிகள் அந்த இரண்டிலேயே தேறிவிடும். இதில் கோளாறு வேறு. வெடிப்பு வழியாக வெளிக்காற்று உள்ளே போகிறது. ஆக்சிஜன் சென்சார் அதைப் பார்த்து பெட்ரோல் போதவில்லை என்று ஏமாறுகிறது. வண்டி இன்னும் பெட்ரோலைக் கொட்டுகிறது. அது அரைகுறையாக எரிந்து வெளியே வருகிறது. ஒரு வெல்டிங் வைத்தால் தீர்ந்தது. இதைத்தான் நான் சொல்லியிருக்க வேண்டும்.

“புகையைச் சுத்தம் பண்ற கன்வெர்ட்டர் போச்சு” என்றேன். “புதுசு போட்டா வண்டி விலைக்கு மேல ஆகும். இதுக்குப் போய்ச் செலவு பண்ணாதே.”

“அக்கா, அது அப்பா வண்டி.”

“தெரியும். வேணும்னா என்கிட்ட விட்டுட்டுப் போ. பழைய வண்டி எடுக்கறவங்ககிட்ட கேட்டுப் பாக்கறேன்.”

குரல் எனக்கே நம்பும்படி இருந்தது. அவள் ஸ்டீயரிங்கைக் கொஞ்ச நேரம் தடவிக்கொண்டிருந்தாள். யோசித்துச் சொல்கிறேன் என்று காரை எடுத்துக்கொண்டு கிளம்பினாள். அன்று சாயந்திரம் வீட்டு முன்னால் இருந்த பூந்தொட்டிகளை நகர்த்தி, ஒரு கார் நிற்குமளவுக்கு இடம் பண்ணினேன். கணவர் எதற்கென்று கேட்டார். வெயில் படவில்லை என்றேன்.

ஐந்தாம் நாள் திரும்பி வந்தாள். இன்ஜினில் சத்தமே இல்லை. சோதனையில் எல்லா எண்ணும் அளவுக்குள் நின்றது. சான்றிதழை நீட்டினேன். வாங்கி மடித்தாள்.

“வெல்டிங் வெச்சாங்க. அரை மணி நேர வேலை.”

“ம்.”

“அந்த மெக்கானிக் பானட்டைக்கூடத் திறக்கல. சத்தத்தை வெச்சே சொல்லிட்டாரு.” என்னை நிமிர்ந்து பார்த்தாள். “உனக்குக் கேக்கலையாக்கா?”

வேலை நெருக்கடி, பக்கத்து வண்டியின் இரைச்சல் என்று நாக்கு நுனியில் நாலைந்து பொய்கள் வரிசையில் நின்றன.

“கேட்டுச்சு.”

கத்துவாள் என்று நினைத்தேன். கத்தியிருந்தால் எனக்கும் சுலபமாக இருந்திருக்கும்.

“கடைசி ஞாயித்துக்கிழமை அப்பாவுக்கு நான் தண்ணி குடுத்தேன். வாயைத் திறக்கல” என்றாள். “பெரியவ எங்கேன்னு மட்டும் கேட்டுக்கிட்டே இருந்தாரு. நீ வந்து குடுத்தே, குடிச்சாரு. நீ பாட்டுக்கு டம்ளரைக் கழுவப் போயிட்டே.”

“எனக்குத் தெரியாதே.”

“எப்படித் தெரியும்? அன்னைக்கே இந்தச் சாவியை உன்கிட்ட குடுத்துடணும்னு தோணுச்சு. குடுக்கல. இதையும் குடுத்துட்டா அப்பா முழுசா உன்னோட ஆளாயிடுவாரு.”

பாவம் என்று தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. முதலில் வயிறு குளிர்ந்தது. பெரியவ எங்கே. அதை இன்னொரு தரம் அவள் வாயால் கேட்க ஆசையாக இருந்தது. அதற்கப்புறம்தான் அவள் கண்ணைப் பார்க்க முடியாமல் போனது.

பின்னால் நின்ற வண்டிக்காரர் ஹாரன் அடித்தார். சின்னவள் கண்ணாடியை ஏற்றாமலே காரை எடுத்தாள். காலைக் குளிரில் சைலன்சர் முனையிலிருந்து சொட்டுச் சொட்டாகத் தண்ணீர் விழுந்தது. ஒழுங்காக எரிகிற வண்டி அப்படித்தான் சொட்டும். சிமெண்டுத் தரையில் அந்தப் புள்ளிகள் கேட்வரைக்கும் ஒரே கோடாகப் போய், தெருப்பக்கம் திரும்பின. அடுத்த வண்டி உள்ளே வர வழி கேட்டு மறுபடி ஹாரன் அடித்தது. முதல் புள்ளி காய ஆரம்பித்திருந்தது. நான் நகராமல் நின்றேன்.