சத்தம் மேலே போகிற கோயில்

“உள்ள சனம் நெறைய இருக்குதாடி?”

சவரியம்மா முதன்முதலில் கேட்டது அதைத்தான். அன்ஜும் போனை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு, அந்த அம்மாளின் கூடத்தில் பிளாஸ்டிக் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். படத்தில், ஒரு தேவாலயத்துக்குள், நீள நீளமான பெஞ்சுகள் தெரிந்தன. அவற்றில் அங்கொன்றும் இங்கொன்றுமாக நரைத்த தலைகள். ஒரு கிழவர் கோட்டைக்கூடக் கழற்றாமல் தூங்கிக்கொண்டிருந்தார். அன்ஜும் தலையை நிமிர்த்தி சவரியம்மாவைப் பார்த்தாள். புரை விழுந்து வெளுத்துப்போன இரண்டு கண்களும் சுவரைப் பார்த்திருக்க, முகம் மட்டும் போன் இருந்த பக்கமாகச் சாய்ந்து, பந்தியில் இலைக்கு முன் உட்கார்ந்த குழந்தையைப்போலக் காத்திருந்தது.

“நெறையங்கம்மா” என்றாள் அன்ஜும்.

அவ்வளவு சுலபமாக அவள் வாயிலிருந்து எந்தச் சொல்லும் அதற்கு முன் வந்ததில்லை.

சவரியம்மாவின் மகன் இருதயராஜ் குருப்பட்டம் பெற்று, ஜெர்மனியில் ஒரு சின்ன ஊருக்குப் பங்குச் சாமியாராகப் போயிருந்தார். மகள் ஓசூரில் குடித்தனம். சவரியம்மாவிடம் இருந்தது பொத்தான் போன். அதில் மகனின் குரல் வரும், படம் வராது. வந்தாலும் கண் தெரியாது. அதனால் ஞாயிற்றுக்கிழமைதோறும் சாமியார் அனுப்பும் வீடியோ பக்கத்து வீட்டு அன்ஜுமின் போனுக்கு வந்துவிடும். அவள் அதைப் போட்டுக் காட்டி, தெரிவதை எல்லாம் சொல்ல வேண்டும். அதுதான் ஏற்பாடு.

அன்ஜும் பத்தாவதோடு நின்றவள். வகுப்பில் எழுந்து நின்று பாடம் வாசிக்கச் சொன்னால் தொண்டையில் பஞ்சை அடைத்தாற்போலாகிவிடும். ஒருநாள் வகுப்பே சிரித்தது. மறுநாள் வயிற்று வலி என்று படுத்துக்கொண்டாள். அந்த வயிற்று வலி அப்படியே நீண்டு படிப்பையே முடித்துவைத்தது. அவள் அப்பா தாவூது அதியமான்கோட்டையில் நெடுஞ்சாலை ஓரமாக லாரி சீட் தைக்கிற கடை வைத்திருந்தார். கடைக்குப் பின்னால் வீடு. ரெக்சின் வெட்டவும் ஓரம் தைக்கவும் அவளுக்கு நன்றாக வந்தது. அதற்கு வாய் தேவைப்படவில்லை. “எம்பொண்ணு ஊசி மாதிரி. குத்தினாக்கூட சத்தம் வராது” என்று தாவூது லாரிக்காரர்களிடம் சொல்லிச் சிரிப்பார்.

அந்தப் பெண்தான் சவரியம்மா வீட்டில் மூச்சுவிடாமல் பேசினாள்.

வீடியோவில் இருதயராஜ் கோயிலின் கதையைச் சொல்லுவார். அந்த ஊர் நெசவாளர்கள் கூடிக் கட்டியதாம். சூளையிலிருந்து பெண்கள் பாவாடை மடியில் செங்கல் சுமந்தார்களாம். பின்னால் உலகச் சண்டையின் கடைசி வருசம் குண்டு விழுந்து கூரை எரிந்துபோனது. இடிந்து கிடந்த செங்கலை அதே ஊர்ப் பெண்கள் ஒவ்வொன்றாகப் பொறுக்கி, பழைய காரையைச் சுரண்டிக் கொடுக்க, திரும்பக் கட்டினார்கள். கதையை மகன் சொல்லுவார். காட்சியை அன்ஜும் சொல்லுவாள்.

“சொவரு பாதி வரைக்கும் கறுஞ்செவப்புங்கம்மா. அதுக்கு மேல வெளுத்த செவப்பு. எரிஞ்சது எங்க, புதுசாக் கட்டினது எங்கன்னு கோடு போட்ட மாதிரி தெரியுது. நம்ம பழைய சீட்டுக்குப் புது ரெக்சின் ஒட்டுப் போட்டா தெரியுமில்ல, அப்பிடி.”

“மேல என்னடி? வளைவா இருக்குதா?”

“வளைவு தூண்ல இருந்து கெளம்புது. கொஞ்ச தூரம் போயி நின்னுடுது. அதுக்கு மேல பலக அடிச்சிருக்காங்க. ஜன்னலு ஒரு பக்கம் அல்லாம் கலர் கண்ணாடி. நீலம், பச்ச, மாதுளம்பழக் கலரு. எதிர்ப் பக்கம் வெறும் வெள்ளக் கண்ணாடி. அப்பறம் நடுவுல, சாமியார் நிக்கறாரே, அந்த எடம் எங்க பள்ளிவாசல்ல இமாம் நிக்கற வளைவு மாதிரியே இருக்குதுங்கம்மா.”

“அது பீடம்டி.”

“பீடத்துக்கு மேல தங்கத்துல ஒரு அலமாரி.”

“அடிப் பாவி, அது நற்கருணைப் பேழ, பூசை அப்பம் வெக்கற எடம்! அலமாரியாம்! விட்டா சூசையப்பருக்கே தொப்பி போட்டு உட்ருவ போலிருக்குதே!” சவரியம்மா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரிப்பாள். சிரித்து முடித்து, “சொல்லு கண்ணு, நீ சொன்னா எனக்கு நேர்ல பாத்தாப்பல இருக்குது” என்பாள்.

ஒருநாள் பூசைப் பாட்டு கேட்டபோது மட்டும் சவரியம்மா நெற்றியைச் சுருக்கினாள். “ஏண்டி, அவ்ளோ சனம் இருக்குதுன்ற. பாட்டு இவ்ளோ சன்னமா கேக்குதே?”

அன்ஜும் படத்தின் உச்சியில் தெரிந்த பலகைக் கூரையைப் பார்த்தாள். “கோயிலு ரொம்ப உசரங்கம்மா. சத்தம் அல்லாம் மேல போயிடுது.”

சவரியம்மா மெல்லத் தலையாட்டினாள். அடுத்த ஞாயிறு தர்மபுரியில் பூசை முடிந்து வெளியே வந்ததும் பெண்களிடம், “எம்பையன் கோயில்ல ஆயிரம் பேர் பாடினாலும் பத்துப் பேர் பாடறாப்பலதான் கேக்குமாம். அவ்ளோ உசரமாம்” என்று சொல்லிக்கொண்டிருந்தாள். கையைப் பிடித்துக் கூட்டிப்போயிருந்த அன்ஜும் தரையைப் பார்த்தபடி பக்கத்தில் நின்றாள்.

சாமியாரின் அந்தக் குரல்பதிவு மழைக்காலத்தில் வந்தது. அன்ஜுமுக்கென்று தனியாக வந்தது.

“அன்ஜும்மா, இந்தக் கோயில மூடிட்டாங்க. பூசைக்கு ஆளே வரதில்ல, நீதான் பாக்கறியே. குளுருக்குக் கோயில சூடு பண்ற செலவுக்குக்கூடக் கட்டல. வித்தாச்சு. கயிறு கட்டிச் சொவரு ஏறிப் பழகற எடமா மாத்தப் போறாங்களாம். எனக்கு வேற ஊர்ல ஆஸ்பத்திரி ஊழியம். அம்மாகிட்ட போன்ல சொல்ல எனக்கு வாய் வரல. நீ பக்கத்துலயே இருக்கற. கையப் பிடிச்சிக்கிட்டு மெதுவா சொல்லிடும்மா.”

கூடவே ஒரு வீடியோவும் வந்தது. அன்ஜும் அதைத் தனியாகப் பார்த்தாள். அன்று மாலை சொல்லிவிடுவது என்றுதான் போனாள். சவரியம்மா காபி போட்டு வைத்திருந்தாள். தடவித் தடவி அவளே போட்ட காபி. “வாடி, இந்த வாரம் என்ன விசேசம்? கல்யாணம் ஏதாச்சும் நடந்துதா?” என்றாள்.

“நடந்துதுங்கம்மா” என்றாள் அன்ஜும். பழைய வீடியோ ஒன்றைப் போட்டாள். பொண்ணுக்கு வெள்ளைக் கவுன் போட்டாள், மாப்பிள்ளையை உயரமாக்கினாள், பெஞ்சுகளைச் சொந்தக்காரர்களால் நிரப்பினாள். அடுத்த வாரம் ஒரு குழந்தைக்கு ஞானஸ்நானம். அதற்கடுத்து மாதா ஊர்வலம். மூடிப்போன கோயிலில் அவள் ஞாயிறுதோறும் பூசை நடத்தினாள்.

இருதயராஜ் அம்மாவுக்குத் தெரிந்துவிட்டது என்றே நினைத்திருந்தார். சவரியம்மா பொத்தான் போனில், “கோயில நல்லா பாத்துக்கோ ராசா” என்பாள். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இருக்காது. ஆஸ்பத்திரியில் இருக்கும் சின்னக் கோயிலைச் சொல்கிறாள் என்று எடுத்துக்கொள்வார்போல, பிறகு “சரிம்மா” என்று வரும். சத்தமில்லாத அந்த இடைவெளியில் அன்ஜும் தன் தாவணி நுனியைச் சுருட்டிக்கொண்டிருப்பாள். ஒருநாள் சாமியார் அவளுக்கு எழுதினார்: அம்மா இவ்வளவு தைரியமாக எடுத்துக்கொள்வார்கள் என்று நினைக்கவில்லை, உனக்குத்தான் நன்றி. அந்த நன்றியைப் படித்த அன்று அவள் சோறு சாப்பிடவில்லை.

வெயில் ஏறத் தொடங்கிய மாசி மாதத்தில் இலவசக் கண் முகாம் என்று ஆட்டோவில் மைக் கட்டிச் சொல்லிக்கொண்டு போனார்கள். பள்ளிக்கூடத்தில் பார்ப்பார்களாம். புரை முற்றியிருந்தால் அன்றைக்கே வண்டியில் ஏற்றிப்போய் ஆபரேஷன் செய்து திரும்பக் கொண்டுவந்து விடுவார்களாம். சவரியம்மா அன்றே பை கட்டினாள். இரண்டு சேலை, துண்டு, செபமாலை.

“கண்ணு தெரிஞ்சிச்சின்னா மொதல்ல என்ன பாப்பன் சொல்லு? உம்மூஞ்சி இல்லடி. அந்தக் கோயில. உம்மூஞ்சி அப்பறம்தான்.”

முகாமன்று காலையில் ஆட்டோ கூட்டிவரப் போன அன்ஜும் பள்ளிக்கூட கேட் வரைக்கும் நடந்தாள். வண்டி நின்றிருந்தது. மரத்தடியில் போட்டிருந்த பெஞ்சில் கண்ணில் மருந்து விட்டுக்கொண்ட கிழவர்களும் கிழவிகளும் முகத்தை வானத்துக்குக் காட்டியபடி வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அவள் நின்றாள். பொய் வெளிப்பட்டுவிடும் என்ற பயம் ஒன்று. அதைவிடக் கீழே, அவள் தனக்கே சொல்லிக்கொள்ளக் கூசிய இன்னொன்று இருந்தது. சவரியம்மாவுக்குக் கண் வந்துவிட்டால் தன் வாய் யாருக்கும் தேவைப்படாது.

திரும்பிவந்து, “இன்னிக்கு இல்லையாங்கம்மா. தள்ளி வெச்சிட்டாங்களாம்” என்றாள்.

“எப்பவாம்?”

“மைக்ல சொல்வாங்களாம்.”

சவரியம்மா பையைத் திரும்ப அவிழ்த்தாள். சேலையை நீவி மடித்தபடி, “போவட்டும் உடு. அதான் நீ இருக்கறியே” என்றாள்.

பங்குனி கடைசியில் ஒரு மதியம் சவரியம்மா தலையைப் பிடித்துக்கொண்டு வாந்தி எடுத்தாள். வலக்கண் கோவைப்பழமாகச் சிவந்திருந்தது. மகள் ஓசூரிலிருந்து வந்து சேலத்துக்குக் கூட்டிப்போனாள். போய்த் திரும்பியவள் வாசலில் நின்று போனில் தம்பியிடம் பேசியதை அன்ஜும் தையல் மெஷின் முன்னால் உட்கார்ந்தபடி கேட்டாள். “புரை முத்தி ஊதிப்போச்சாம்டா. உள்ள அழுத்தம் ஏறி நரம்பு செத்துப்போச்சி. சோத்தாங்கைப் பக்கத்துக் கண்ணு இனிமே வராதாம். ஒரு மாசம் முன்ன வந்திருந்தா ரெண்டையும் காப்பாத்தியிருக்கலாமேன்றாரு டாக்டரு. இடது மட்டும் பண்ணியிருக்குது.”

மெஷினில் ஊசி அதே இடத்தில் குத்திக்கொண்டிருந்தது. ரெக்சின் கிழிந்த பிறகுதான் அன்ஜும் காலை எடுத்தாள்.

அதற்கப்புறம் அவள் பக்கத்து வீட்டுக்குப் போகவில்லை. வேலை இருக்கிறது என்றாள், காய்ச்சல் என்றாள். போனிலிருந்த வீடியோக்களை எல்லாம் அழித்துவிடலாம் என்று ஒவ்வொரு நாளும் எடுப்பாள். கட்டைவிரல் வரைக்கும் வந்து நின்றுவிடும். ஏற்கெனவே ஒருமுறை மூடிய கோயில் அது.

சவரியம்மா தானாகவே வந்தாள். தாவூது தொப்பூரில் ஒரு லாரிக்கு சீட் பொருத்தப் போயிருந்த நேரம். கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு, நெடுஞ்சாலையின் புழுதி வெளிச்சத்தில் கடைக்குள் நுழைந்தாள். கூட அடுத்த தெரு கோவிந்தம்மாள். தானும் கண் ஆபரேஷன் முடித்து, இத்தனை நாள் அரூரில் மகன் வீட்டில் இருந்துவிட்டு அப்போதுதான் ஊர் திரும்பியிருந்தாள்.

“ஏம்புள்ள, அன்னிக்கு கேம்ப்ல உன்னயப் பாத்தனே!” என்றாள் கோவிந்தம்மாள் வந்ததும் வராததுமாக. “பள்ளிக்கூட கேட்டாண்ட நின்னியே, ஒரு கண்ணு எனக்கு நல்லாத் தெரியும், நான் பெஞ்சில இருந்து கையக் கையக் காட்டறேன், நீ பாட்டுக்குத் திரும்பிப் போயிட்ட. அந்த வண்டிலதான் எனக்குப் பண்ணிக் கூட்டியாந்தாங்க. சவரி வரலியேன்னு நெனச்சேன். ஒடம்புக்கு முடியலியாக்கும்னு உட்டுட்டேன்.”

அன்ஜும் கத்தரிக்கோலைக் கீழே வைத்தாள். கோவிந்தம்மாள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். அடுப்பில் பால் வைத்துவிட்டு வந்தது நினைவுக்கு வந்ததாகச் சொல்லிக் கிளம்பினாள்.

சவரியம்மா ஸ்பான்ச் மூட்டைமேல் உட்கார்ந்து கறுப்புக் கண்ணாடியைக் கழற்றினாள். வலக்கண் பால் கட்டியதுபோலக் கிடந்தது. இடக்கண் தெளிந்து, ஈரமாக, அன்ஜுமின் முகத்தை முதன்முதலாகப் பார்த்தது. அந்தப் பார்வையை அன்ஜுமால் தாங்க முடியவில்லை.

“கோயிலப் போடு கண்ணு.”

அன்ஜும் போட்டாள். போனை நீட்டினாள்.

சவரியம்மா வாங்கிக் கண்ணருகில் பிடித்தாள். “சொல்லு.”

“நீங்களே பாக்கறீங்களேம்மா.”

“பாக்கறேன். நீ சொல்லு.”

ஒரு லாரி ஹாரன் அடித்துக்கொண்டு போனது. பள்ளிக்கூடத்துப் பஞ்சு தொண்டைக்கு வந்திருந்தது. அதை விழுங்கிவிட்டு ஆரம்பித்தாள்.

“சொவரு பாதிவரைக்கும் கறுஞ்செவப்பு. அதுக்கு மேல வெளுப்பு. அது நான் சொன்னதுதாங்கம்மா. தூண்ல இருந்து வளைவு கெளம்பி நின்னுடுது, அதுவும் நெசம். ஜன்னலும் நெசம்.” விரலை நீட்டிப் பெஞ்சுகளைக் காட்டினாள். “பெஞ்சு அல்லாம் காலிங்கம்மா. முன்னாடி ஒரு நாலஞ்சு பாட்டிங்க. அந்த ஓரத்துல ஒரு தாத்தா தூங்கறாரு. எப்பவும் இவ்ளோதான். உசரத்துக்குச் சத்தம் மேல போவல. பாட ஆளில்ல.”

சவரியம்மா போனிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அன்ஜும் கை நீட்டி, அடியில் கிடந்த கடைசி வீடியோவைத் தொட்டாள். இதுவரை யாருக்கும் சொல்லாததை ஒவ்வொன்றாகச் சொன்னாள். சாமியார் பேழையைத் திறக்கிறார். உள்ளே இருந்த பாத்திரத்தை வெள்ளைத் துணியில் பொதிந்து நெஞ்சோடு அணைத்துக்கொள்கிறார். ஒரு பாட்டி பீடத்து மெழுகுவர்த்தியை அணைக்கிறாள். பேழைக்குப் பக்கத்தில் எரிந்த சிவப்பு விளக்கையும் அணைக்கிறார்கள். சாமியார் நடுவழியாக நடந்து வருகிறார், அவர் முகம் பக்கத்தில் வருகிறது. “அழுவறாருங்கம்மா.” கதவைப் பூட்டுகிறார். “மூடி ஆறு மாசமாச்சு. உங்ககிட்ட சொல்லச் சொல்லி எங்கிட்டதான் சொன்னாரு.”

படம் நின்றது. சவரியம்மா நெற்றியிலும் நெஞ்சிலும் தோள்களிலும் சிலுவை போட்டுக்கொண்டாள். போனை வெட்டிவைத்த ரெக்சின்மேல் மெதுவாக வைத்தாள். திட்டுவாள் என்று அன்ஜும் காத்திருந்தாள். அடித்தால்கூடத் தேவலை என்றிருந்தது. கண் முகாமைப் பற்றி ஒரு வார்த்தை, ஏண்டி என்று ஒரே ஒரு வார்த்தை கேட்டிருந்தால் காலில் விழுந்திருப்பாள்.

சவரியம்மா எழுந்தாள். கறுப்புக் கண்ணாடியை மாட்டிக்கொண்டாள். வலப்பக்கம் அடுக்கியிருந்த சீட்டுகள் தெரியாமல் தோள் இடித்து, மேலே இருந்த ஒன்று சரிந்து விழுந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கடை வாசலில் சாக்கடைமேல் குறுக்காக ஒரு கல் பலகை கிடந்தது. அதன் முன்னால் வந்து நின்றாள். பலகை எங்கே முடிகிறது என்று தெரியாமல் வலது காலைத் தூக்கி, காற்றில் கொஞ்சம் துழாவி, விளிம்பைக் கால்விரலால் தொட்டு உறுதிசெய்துகொண்டு, அந்தப் பக்கம் இறங்கினாள்.