மூலை அறை ஃபைல்

கண்காணிப்பு ஆணையத்திலிருந்து வந்த மூன்று பேரும் இன்சூரன்ஸ் ஆபீஸின் மூலை அறையைப் பூட்டிக்கொண்டு ஒன்பது நாளாக வேலை பார்த்தார்கள். எந்தெந்த ஃபைலைத் தோண்டுகிறார்கள் என்று கம்பெனிக்குத் தெரியக்கூடாது. மேனேஜர் எதிரே வந்தால் அவர்கள் பேச்சு நின்றுவிடும். கிழித்த காகிதத்தைக்கூடப் பையில் போட்டு அவர்களே எடுத்துப் போனார்கள். உள்ளே போக ஒருத்திக்குத்தான் அனுமதி, தரை துடைப்பவளுக்கு. அதுவும் ஐந்து நிமிடம்.

பத்தாம் நாள் மேனேஜர் அவளைத் தன் அறைக்குக் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார்.

"ஏம்மா, உள்ள மேசை மேல என்ன ஃபைல் கிடக்கு?"

"நான் தரையைப் பார்க்கிறவ சார். மேசையை எங்க பார்த்தேன்?"

"கதை விடாத. நம்பர் மட்டும் சொல்லு. இல்லைன்னா காண்ட்ராக்டர்கிட்ட சொல்லி நாளைக்கே வேற ஆளைப் போட்டுடுவேன்."

கல்குவாரியில் வலது கை நசுங்கி ஏழு மாதமாக வீட்டில் கிடக்கிறான் புருஷன். குடித்துவிட்டு வேலை செய்தான் என்று சொல்லி அவன் விபத்து பாலிசிப் பணத்தைத் தர மறுத்தது இதே கம்பெனிதான். டீயைத் தவிர எதையும் குடிக்காத மனுஷன். கீழ்த்தளக் கவுண்டரில் பதினோரு தடவை நின்றதில் அந்த ஃபைல் நம்பர் அவளுக்கு மனப்பாடம். மேனேஜருக்கு இது எதுவும் தெரியாது.

இந்த ஆள் எதற்கு இப்படிப் பதறுகிறான்? ஆணையத்து ஆட்கள் கையில் சிக்கிய ஃபைலை மட்டும் ஒழுங்கு பண்ணத்தானே?

புருஷனின் நம்பரைச் சொன்னாள்.

"வேற?"

"வேற கண்ணுல படல சார்."

"படிக்கத் தெரியாதும்ப. இது மட்டும் எப்படி ஞாபகம்?"

"பஸ் நம்பர் பார்த்துத்தானே சார் தினம் வேலைக்கு வர்றேன்?"

அவர் நம்பவில்லை. அவளை அங்கேயே நிறுத்திவைத்து, கீழ்த்தளத்தில் இருந்த அந்த ஃபைலின் நகலை வரவழைத்தார். வாரிசுதாரர் என்ற இடத்தில் இருந்தது அவள் பெயர். உதடு அசைய அதை வாசித்தார். அவள் மாப்புக் கட்டையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

அவர் நிமிரவே இல்லை. ஆறு வருடமாக அவருக்கு அவள் 'ஏம்மா'தான்.

"ரத்தப் பரிசோதனையே இல்லாம குடிச்சிருந்தான்னு எவன்யா எழுதினான்?" போனில் கத்தினார். "மாட்டினா எல்லாரும் தெருவுலதான். இன்னைக்கே பாஸ் பண்ணு!"

பிறகு அவளை ஏற இறங்கப் பார்த்தார். "இது வெளிய போகக்கூடாது."

"என் புருஷன்கிட்டகூட மூச்சு விடமாட்டேன் சார்."